ஐந்து கைகள் நட்ட கொடி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

1911-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள். அதுவரை மனித அடி படாத தென் துருவப் பனிவெளியில் நார்வே நாட்டவர் ஐவர் நின்றார்கள். கொண்டுவந்த தேசக் கொடியை நடும் நேரம். தலைவர் ஒருவரே நட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ரோல்ட் அமுண்ட்சன் மற்ற நால்வரையும் அழைத்தார். பனி கடித்து வெடித்துப்போன ஐந்து கைகள் ஒரே கம்பைப் பற்றின. ஐந்தும் சேர்ந்தே ஊன்றின.

திட்டமிடுதல், குழுவை நடத்துதல் என்பன இன்று தனிப் பாடங்களாகவே கற்பிக்கப்படுகின்றன. எந்த வேலை முதலில், எது அடுத்தது, யார் பொறுப்பு, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று கட்டம் கட்டி அம்புக்குறி போட்டுக் காட்டுகிறார்கள். இயற்பியல் மாணவனாகிய எனக்கு அந்தப் பாடம் இல்லை. ஆயினும் அதன் அடிப்படைகள் அத்தனையையும் இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் கண்டேன். அவர் திறம்படச் செய்ததிலும் கண்டேன். சறுக்கிய இடத்திலும் கண்டேன். அவருடைய வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பலவும் இரண்டாவதை விரைந்து கடந்துவிடுகின்றன. எனக்கு அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது.

அமுண்ட்சன் 1872 ஜூலை 16-இல் நார்வேயில் போர்கே என்னும் இடத்தில் பிறந்தார். கப்பல் தொழில் செய்த குடும்பம். தந்தை இறந்தபோது அவருக்கு வயது 14. தாயாருக்கு மகனை மருத்துவராக்க ஆசை. அவருக்காகவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மனமோ, வடதுருவக் கடலில் தம் மாலுமிகளோடு மாண்டுபோன ஆங்கிலேயர் ஜான் பிராங்க்ளினின் வரலாற்றில் மூழ்கிக் கிடந்தது. நார்வேயின் கடுங்குளிரில் இரவு முழுவதும் சன்னலைத் திறந்து வைத்து உறங்குவாராம், உடம்பைப் பழக்குவதற்காக. தாயார் கேட்டால் நல்ல காற்றுக்காக என்று சொல்லிவிடுவாராம். 1893-இல் தாயார் மறைந்தார். 21 வயது மகன் மருத்துவ நூல்களை மூட்டை கட்டிவிட்டுக் கடலுக்குப் போனார்.

பழைய பயண நூல்களை எல்லாம் அவர் ஊன்றிப் படித்திருந்தார். பல பயணங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். பயணத்தின் தலைவர் ஒருவர். கப்பலின் தலைவர் வேறொருவர். இடுக்கண் வரும்போது இருவரும் இரு வேறு கட்டளை இடுவார்கள். மாலுமிகள் இரு கட்சியாகப் பிரிவார்கள். ஒரு வண்டியை இரண்டு பேர் ஓட்டினால் மாடு என்ன செய்யும்? எனவே தாமே கப்பல் ஓட்டத் தகுதி பெறும் வரை பயணம் எதையும் தலைமை ஏற்று நடத்துவதில்லை என்று முடிவு செய்தார். சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்றார்.

1897-இல் 'பெல்ஜிகா' என்னும் பெல்ஜிய ஆய்வுக் கப்பலில் துணை அதிகாரியாகத் தென் துருவக் கடலுக்குச் சென்றார். 1898 மார்ச்சில் கப்பல் பனிக்கட்டியில் சிக்கியது. ஓராண்டுக்கு மேல் அதிலிருந்து விடுபடவில்லை. குளிர்காலத்தை அங்கே கழிக்க வேண்டிய ஆயத்தம் எதுவும் கப்பலில் இல்லை; போதிய உடையும் இல்லை. ஸ்கர்வி நோய் தாக்கியது. வைட்டமின் சி குறைவால் வரும் நோய் அது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் கப்பல் மருத்துவர், அமெரிக்கரான பிரெடெரிக் குக், பென்குவின் இறைச்சியும் சீல் இறைச்சியும் தின்றால் பிழைக்கலாம் என்றார். தலைவருக்கு அந்த இறைச்சி அறவே பிடிக்காது. தாம் உண்ணாததோடு பிறரையும் தடுத்துவந்தார். எல்லோரும் படுக்கையில் விழுந்த பிறகே வழி விட்டார். இறைச்சி உள்ளே போனதும் ஆட்கள் எழுந்து நடந்தார்கள். பிறகு பனியை அறுத்துக் கால்வாய் வெட்டிக் கப்பலை மீட்டார்கள். தலைவன் ஒருவனின் நாக்கு விருப்பம் ஒரு கப்பலையே சாகடிக்கக் கூடும் என்பதை இருபத்தைந்து வயது அமுண்ட்சன் கண்ணால் கண்டார். குக்கிடம் அவருக்கு ஏற்பட்ட மதிப்பு கடைசி வரை குறையவில்லை. பின்னாளில் குக் மோசடி வழக்கில் சிறைப்பட்டு ஊரே தூற்றியபோதும், 1926-இல் அமெரிக்கா சென்ற அமுண்ட்சன் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார்.

அடுத்தது அவருடைய சொந்தப் பயணம். அட்லாண்டிக்கிலிருந்து அமெரிக்காவின் வடக்கு விளிம்பைச் சுற்றிப் பசிபிக்குக்குப் போகும் கடல்வழியைப் பல நூற்றாண்டுகளாகப் பெரும் கப்பற்படைகள் தேடித் தோற்றிருந்தன. பிராங்க்ளின் மட்டுமே 129 பேருடன் போய் அழிந்தார். அமுண்ட்சன் எடுத்தது 47 டன் மீன்பிடிக் கப்பல் ஒன்று, பெயர் 'யோவா'. ஆட்கள் அவரோடு சேர்த்து ஏழே பேர். ஆள் குறைந்தால் உணவு குறைவாகப் போதும். ஆழமில்லாத நீரிலும் போகலாம். வழியில் வேட்டையாடிப் பிழைக்கலாம். கடன்காரர்கள் கப்பலைப் பிடித்துவைக்க வந்துகொண்டிருந்ததால் 1903 ஜூன் மாதத்தில் கொட்டும் மழையில் நள்ளிரவில் புறப்பட்டார்! வழியில் இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் தங்கி, அங்கு வாழ்ந்த நெட்சிலிக் மக்களிடம் மாணவராக அமர்ந்தார். மான்தோல் உடையை ஏன் தொளதொளவென்று அணிய வேண்டும்? இறுக்கமாக இருந்தால் வியர்க்கும். வியர்வை உறைந்தால் சாவு. நாய்களை எப்படி ஓட்டுவது, சறுக்குவண்டியின் அடியில் எப்படி மெல்லிய பனிப்பூச்சுக் கொடுப்பது என்பதெல்லாம் அவர்களிடம் கற்றவையே. படித்த நாட்டார் பலர் அந்த மக்களை எள்ளி நகையாடிய காலம் அது. 1906-இல் 'யோவா' பசிபிக்குப் பக்கம் வெளியே வந்தது.

இனி வடதுருவம் என்று நினைத்தார். புகழ்பெற்ற நான்சன் தம் கப்பலான 'ஃபிராம்'-ஐக் கொடுத்து உதவினார். 1909 செப்டம்பரில் இடி விழுந்தது. குக் ஒருபுறம், பியரி ஒருபுறம், வடதுருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்தார்கள். கடன் கழுத்து வரை. முதலில் எட்டப்பட்ட இடத்துக்கு இரண்டாவதாகப் போகிறவருக்குப் பணம் கொடுப்பார் யார்? அமுண்ட்சன் தம் திட்டத்தைத் தெற்கே திருப்பினார். ஆனால் வெளியே சொல்லவில்லை. அண்ணன் லியோனுக்கும் மிகச் சிலருக்கும் மட்டுமே தெரியும். நான்சனுக்கே தெரியாது. 1910 ஆகஸ்டில் கப்பல் புறப்பட்டது. மதீரா தீவில் செப்டம்பர் 9-ஆம் நாள்தான் எல்லோரையும் மேல்தளத்தில் கூட்டி உண்மையை உடைத்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, வர விருப்பமா என்று கேட்டார். ஒருவர்கூட மறுக்கவில்லை. அப்போது தென் துருவத்துக்கே புறப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஸ்காட்டுக்கு ஒரு தந்தி மட்டும் போயிற்று.

கட்டாயப்படுத்தாமல் கேட்டார் என்பது உண்மை. ஆனால் நடுக்கடலுக்கு வந்த பிறகு கேட்பது எத்தகைய கேள்வி? அவர்கள் மகிழ்ந்தே ஒப்பினார்கள் என்று வரலாறு சொல்வதால் விட்டுவிடுகிறேன்.

1911 ஜனவரி 14-இல் திமிங்கில விரிகுடாவை அடைந்தார்கள். கரையில் தங்கியவர் ஒன்பதின்மர். அவர்களுக்கான மரவீட்டைத் தச்சர் ஸ்டுபெரூட், அமுண்ட்சனின் வீட்டுத் தோட்டத்திலேயே ஒருமுறை முழுவதும் கட்டிப் பார்த்து, பலகைக்குப் பலகை எண்ணிட்டுப் பிரித்து எடுத்து வந்திருந்தார்! குளிர்காலம் வருமுன் 80, 81, 82 டிகிரி அகலாங்குகளில் சுமார் மூன்று டன் உணவும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெள்ளை வெளியில் புதைத்த பண்டத்தை ஆறு மாதம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? கிடங்குக்குக் குறுக்காக, கிழக்கிலும் மேற்கிலும் பத்துப் பத்துக் கொடிகள், ஒன்றுக்கொன்று சுமார் 900 மீட்டர் தள்ளி நடப்பட்டன. ஒவ்வொன்றிலும் எண். திரும்பி வருபவர் பக்கவாட்டில் பல கிலோமீட்டர் வழி தவறினாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். எண்ணைப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். வழியில் அடையாளக் கம்புகள் தீர்ந்த இடத்தில் கருவாட்டைப் பனியில் குத்திவைத்தார்கள்.

ஏப்ரலில் சூரியன் மறைந்தது. இனி ஆகஸ்டில்தான் வரும். இந்த நான்கு மாத இருட்டுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. பனியைக் குடைந்து தரைக்கடியில் பட்டறைகள் அமைத்துக்கொண்டார்கள். அவரவர் கைத்தொழில் என்னவோ அதுவே அவரவர் பொறுப்பு. பனிச்சறுக்கு வீரரும் தச்சருமான ப்யோலண்ட், 75 கிலோ எடையிருந்த வண்டிகளை இழைத்து இழைத்து மூன்றில் ஒரு பங்காக்கினார். விஸ்டிங் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து கூடாரம் முதல் உள்ளாடை வரை தைத்தார். ஹெல்மர் ஹான்சன் வண்டிகளை வார் போட்டுக் கட்டினார். யோஹான்சன் உணவைப் பெட்டியில் அடைத்தார். ஆயிரக்கணக்கான பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கினார். பெட்டியின் மேலே வட்டமான மூடி ஒன்று வைத்தார்கள். வண்டியில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே உள்ளிருப்பதை எடுக்கலாம். உறைந்த கயிற்றோடு விரல் போராட வேண்டியதில்லை. பனிக்காலணிகளைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தார்கள். மண்ணெண்ணெய் தகரத்திலிருந்து மெல்லக் கசிந்து போகும் என்பதை 'யோவா' நாளிலேயே அறிந்த அமுண்ட்சன், தகரங்களின் வாயை ஈயத்தால் பற்றவைக்கச் சொன்னார். ஸ்காட்டின் ஆட்கள் தங்கள் கிடங்குகளைத் திறந்தபோது எண்ணெய் குறைந்திருந்தது.

என் அப்பா கட்டட மேஸ்திரி. எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். தளத்துக்கு கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் மாலை அவர் வேலையிடத்தை ஒருமுறை சுற்றி வருவார். சிமென்ட் மூட்டை எத்தனை, மணல், ஜல்லி எவ்வளவு, தண்ணீர் டிரம் நிறைந்திருக்கிறதா, சாரம் ஆடுகிறதா, நாளைக்கு எந்தச் சித்தாள் வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். கலவை போடத் தொடங்கிவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது அல்லவா? அமுண்ட்சனின் பட்டறையைப் படித்தபோது அந்த மாலை நேரம்தான் நினைவுக்கு வந்தது. துருவப் பயணமும் நடுவில் நிறுத்த முடியாத வேலையே.

ஆட்களின் மனத்தையும் அவர் கவனித்துக்கொண்டார். நாள்தோறும் காலையில் ஒவ்வொருவரும் வெளியே போய் நின்று அன்றைய வெப்பநிலையை உத்தேசமாகச் சொல்ல வேண்டும். மாத முடிவில் நெருங்கிச் சொன்னவருக்குப் பரிசு. விளையாட்டுப்போல் தோன்றும். ஆனால் வெப்பமானி உடைந்தாலும் குளிரைக் கணிக்கும் பழக்கம் வந்துவிடும். யாரும் நாளெல்லாம் அறைக்குள்ளே முடங்கிக் கிடக்கவும் முடியாது. சமையற்காரர் லிண்ட்ஸ்ட்ரோம் சீல் இறைச்சியை அதிகம் வேகவிடாமல் சமைத்துப் போட்டார். ஸ்கர்வி எட்டிப் பார்க்கவே இல்லை.

இத்தனை நிதானமாகத் திட்டமிட்டவர் ஒரே ஓரிடத்தில் நிதானம் இழந்தார். ஸ்காட்டிடம் மோட்டார் வண்டிகள் இருந்தன. அவை முந்திவிடுமோ என்னும் அச்சம் அமுண்ட்சனை உறங்கவிடவில்லை. பருவம் இன்னும் கனியவில்லை, பொறுப்போம் என்று யோஹான்சன் தடுத்துச் சொன்னார். அந்தக் குழுவில் மூத்த அனுபவசாலி அவர்தான். 1895-இல் நான்சனோடு வடக்கே 86 டிகிரி 14 நிமிடம் வரை சென்று மீண்டவர். அவர் பேச்சு ஏறவில்லை. செப்டம்பர் 8-ஆம் நாள் எட்டுப் பேர் புறப்பட்டார்கள். சில நாட்களில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 56 டிகிரிக்கு இறங்கியது. திசைகாட்டியின் திரவமே உறைந்தது. நாய்களின் பாதங்கள் வெடித்தன. 80-ஆம் டிகிரிக் கிடங்கில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பிய கடைசி நாள் நடந்ததை என்னென்பது! நல்ல நாய்கள் பூட்டிய வண்டியில் அமுண்ட்சனும் விஸ்டிங்கும் ஹான்சனும் முன்னே பறந்துவிட்டார்கள். பின்னே வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறினார்கள். இளையவரான பிரெஸ்ட்ரூட்டின் கால்கள் மரத்துவிட்டன, நாய்களும் ஓய்ந்துவிட்டன. அவரிடம் உணவும் இல்லை, அடுப்பும் இல்லை. யோஹான்சன் அவருக்காகக் காத்திருந்து, தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தலைவர் எப்போதோ வீடு சேர்ந்திருந்தார்.

மறுநாள் காலை உணவின்போது யோஹான்சன் எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்: ஆட்களை விட்டுவிட்டு ஓடிவருவது தலைமையா என்று. கேட்ட முறை கடுமை. கேட்ட பொருளோ நியாயம். அமுண்ட்சன் அந்த நியாயத்தை ஒப்பவில்லை. யோஹான்சனைத் துருவக் குழுவிலிருந்து நீக்கினார். கிழக்கே உள்ள நிலப்பகுதியை ஆராயப் போகும் சிறு குழுவில், அவர் காப்பாற்றிய அதே பிரெஸ்ட்ரூட்டுக்குக் கீழே அவரை வைத்தார்.

திட்டம் என்ற வகையில் பார்த்தால் இந்த மாற்றம் நன்மையாகவே முடிந்தது. எட்டுப் பேருக்குச் சேர்த்த உணவு ஐவருக்கு ஆயிற்று. அமுண்ட்சன் தம் அவசரத்திலிருந்து கற்றுக்கொள்ளவும் செய்தார். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் குளிர் தணிந்த பிறகே மறுபடி புறப்பட்டார். ஆனால் தவறு சுட்டிக்காட்டப்பட்டதும் திட்டத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தவருக்கு, சுட்டிக்காட்டிய மனிதனை மன்னிக்க முடியவில்லையே! கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவனை எந்தக் குழுவும் மறப்பதில்லை. பேசியது சரி என்று தெரிந்த பின்னும் மறப்பதில்லை. இதை நம்மைச் சுற்றியே நாம் பார்க்கிறோம்.

ஐவர், நான்கு வண்டிகள், 52 நாய்கள். நாளொன்றுக்குச் சுமார் 28 கிலோமீட்டர். ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிட்டு ஓய்வு. வானிலை நன்றாயிருந்தாலும் அளவை மீறுவது அரிது. வழியெங்கும் பனிக்கட்டிகளை வெட்டி ஆளுயரத்துக்கு 150 அடையாளத் தூண்கள் கட்டினார்கள். ஒவ்வொன்றினுள்ளும் அதன் இடத்தையும் முந்தைய தூணின் திசையையும் குறித்த சீட்டு. யாரும் ஏறியிராத ஆக்செல் ஹைபர்க் பனியாற்றில் நான்கே நாளில் ஏறினார்கள். உச்சியில் 24 நாய்களைக் கொன்று, மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் உணவாக்கினார்கள். புறப்படும் முன்பே காகிதத்தில் போட்ட கணக்கு அது. சுமந்து வந்த பிராணியையே சுமையாக மாற்றும் அந்தக் கணக்கை என் மனம் ஏற்கவில்லை. அவர்களும் மகிழ்ந்து செய்யவில்லை. அந்த இடத்துக்குக் கசாப்புக் கடை என்றே பெயர் வைத்தார்கள்.

துருவத்தை அடைந்தும் அவசரப்படவில்லை. கருவிக் கணக்கில் பிழை இருக்கலாம் என்பதால், மூவர் மூன்று திசைகளில் சுமார் 20 கிலோமீட்டர் சறுக்கிப் போய் எல்லை குறித்து வந்தார்கள். 1912 ஜனவரி 25-இல் முகாம் திரும்பினார்கள். 99 நாள், சுமார் 3,440 கிலோமீட்டர், ஐவருக்கும் குறைவொன்றுமில்லை, நாய்கள் மிஞ்சியவை 11. வரும் வழியில் உணவு மிகுந்து, ஆளுக்கும் நாய்க்கும் பங்கைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

அதே ஜனவரி 17-இல் துருவத்தை அடைந்த ஸ்காட் திரும்பவில்லை. அவருடன் சென்ற நால்வரும் திரும்பவில்லை. மட்டக் குதிரை, மோட்டார், நாய், மனிதத் தோள் என்று நான்கு வழிகளை அவர் கலந்து வைத்திருந்தார். நால்வருக்கென்று பிரித்து அடைத்த உணவோடு கடைசி நேரத்தில் ஐந்தாமவரையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர் பயணத்தில் பெரும் அறிவியல் வேலையும் இருந்தது. சாகும் தறுவாயிலும் பாறை மாதிரிகளை எறியாமல் இழுத்து வந்தார்கள். ஸ்காட்டை மூடர் என்று சொல்லும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை.

1912 மார்ச்சில் 'ஃபிராம்' டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டை அடைந்தது. உலகம் வெற்றிச் செய்தியைக் கொண்டாடியது. யோஹான்சன் அங்கே கப்பலிலிருந்து இறக்கப்பட்டுத் தனியே ஊர் திரும்பினார். மது அவரை விழுங்கியது. 1913 ஜனவரியில், நார்வேயின் தலைநகரில், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். பிரெஸ்ட்ரூட்டை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த கைகள் அவருடையவை. தென் துருவத்தில் கொடியை நட்ட ஐந்து கைகளில் அவர் கை இல்லை.

பின்னைய ஆண்டுகள் அமுண்ட்சனுக்கு ஏற்றமும் இறக்கமுமாய்க் கழிந்தன. 1924-இல் கடன் தீர்க்க முடியாமல் நொடித்துப்போனார். 1925-இல் இரண்டு விமானங்களில் ஐந்து பேரோடு வடக்கே பறந்து 87 டிகிரி 44 நிமிடத்தில் பனிமேல் இறங்க நேர்ந்தது. மூன்று வாரத்துக்கு மேல் கையால் பனியைச் செதுக்கி ஓடுதளம் அமைத்து, ஒரே விமானத்தில் ஆறு பேரும் மீண்டார்கள். 1926 மே 12-இல் 'நார்கே' என்னும் ஆகாயக் கப்பலில் வடதுருவத்தின் மேலே பறந்தார். அந்தக் கப்பலை வடிவமைத்து ஓட்டியவர் இத்தாலியரான நோபிலெ. இறங்கியதும் புகழ் யாருக்கு என்று சண்டை மூண்டது. இளமையில் இரட்டைத் தலைமை கூடாது என்று ஒதுங்கியவர், முதுமையில் அதிலேயே சிக்கினார். 1927-இல் வெளிவந்த தன்வரலாற்றில் நோபிலெயை மிகக் கசப்பாக ஏசியிருந்தார்.

மறு ஆண்டு, 1928 மே மாதத்தில், நோபிலெயின் புதிய ஆகாயக் கப்பல் வடதுருவப் பனியில் விழுந்தது. செய்தி கேட்டதும் அமுண்ட்சன் தேடிப் போக முன்வந்தார். வயது 55. நாள் கணக்கில் எண்ணி, இருமுறை சரிபார்த்துப் புறப்படுகிறவர், இம்முறை கிடைத்த விமானத்தில் ஏறினார். ஜூன் 18-ஆம் நாள் ட்ரோம்சோ நகரிலிருந்து 'லாத்தம்' என்னும் பிரெஞ்சுக் கடல் விமானம் ஆறு பேருடன் எழும்பியது. அதன் பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. சில நாட்களில் நோபிலெயைச் சுவீடன் நாட்டு விமானி ஒருவர் மீட்டுவிட்டார். ஆகஸ்டு இறுதியில் விமானத்தின் மிதவை ஒன்று நார்வேக் கரையோரக் கடலில் கிடைத்தது. பின்னர் பெட்ரோல் தொட்டி ஒன்றும் கிடைத்தது. உடைந்துபோன மிதவைக்குப் பதிலாகப் பொருத்துவதற்காக அதை யாரோ மாற்றி அமைத்திருந்தார்கள்.